கெஜட்டைப் பார்த்து நாற்று விட்டவர்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு கூட்டத்தில் பேசினேன். பேசியிருக்கக் கூடாது.

அக்னி நட்சத்திரம். காலை பத்து மணிக்கே தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. ரயில்வேயிலும் மில்லிலும் வேலை பார்ப்பவர்கள் மாதச் சந்தா போட்டு நடத்துகிற சின்ன வாசகசாலை அது. அதன் காரியதரிசி நடராஜன், தபால் ஆபீசில் குமாஸ்தா. இரண்டு வாரமாக என்னை விடவில்லை மனுஷர்.

"சார், டெல்லியில புது அரசியல் சட்டம் எழுதுறாங்க. நம்ம உரிமை எல்லாம் தினம் பேப்பர்ல வருது. படிச்சா பாதி புரியல. நீங்க வக்கீல். வந்து எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார்.

வக்கீலைப் பேசக் கூப்பிட்டு, அவன் மாட்டேன் என்று சொல்லி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

போனேன். மாலை போட்டார்கள். சோடா உடைத்துக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். "இதுவரை நமக்குக் கிடைத்ததெல்லாம் சலுகை. கொடுத்தவன் நினைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம். இனிமேல் வரப்போவது உரிமை. அதை யாராலும் பிடுங்க முடியாது — சர்க்காரே ஆனாலும்!" என்று மேஜையைத் தட்டினேன். ஒரே கைதட்டல்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல உயரம். முன்பு இருந்த உடம்பு இல்லை... ஆனாலும் அந்த நிற்கிற தினுசை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

ஏழுமலை.

"வக்கீலய்யா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தப் புது சட்டத்துல, 'சட்டப்படி எட்துக்கலாம்'னு எங்கனா போட்டுக்கீறாங்களா?"

முன் வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கிராமத்து ஆள் ஏதோ புரியாமல் கேட்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஹாலில் இருந்தவர்களிலேயே அரசியல் சட்டம் முழுசாகப் புரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எப்படிப் புரிந்தது என்று கேட்கிறீர்களா? சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பாவத்தைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுதப் போகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முந்தி. யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். பட்டணத்தில் குண்டு விழும் என்று பாதி ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, பட்டாளம் மட்டும் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆவடியைச் சுற்றிக் காடும் மேடும் வயலும் எல்லாம் முள்கம்பிக்குள் போயின. அந்தக் கம்பிக்குள் போன வயல்களில் ஏழுமலையினுடையது ஒன்று. ஏரிப் பாசனம், கூடவே சொந்தக் கிணறு. நாலு தலைமுறையாக அவர்கள் குடும்பம் உழுத நிலம்.

பூந்தமல்லியில் கோர்ட்டுக்கு எதிரே என் ஆபீஸ். ஒரு நாள் காலை கையில் நோட்டீஸோடு வந்து நின்றார்.

"இன்னா எழுதிக்கீது பாருங்க ஐயா. பதினஞ்சு நாள்ல காலி பண்ணணுமாம். வெளயற நெலத்தை எப்டி காலி பண்றது? ஊடுன்னா பண்டம் பாத்திரத்தைத் தூக்கிக்கினு போவலாம்..."

படித்தேன். இந்தியப் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் விதி, விதியின் கீழ் உத்தரவு. எல்லாம் ஒழுங்காக இருந்தது. முத்திரை கூடச் சாயாமல் குத்தியிருந்தார்கள்.

"நம்ம சொத்தை யாரும் எட்துக்கக் கூடாதுன்னு சட்டம் கீதாமே? எங்க ஊர் கணக்கப்புள்ள சொன்னாரு" என்றார்.

இருக்கிறது. 1935-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஷரத்து. அலமாரியிலிருந்து புஸ்தகத்தை எடுத்துத் தூசு தட்டித் தமிழில் சொன்னேன். எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது...

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப ஜெயிச்சோம்!" என்றார்.

"இருங்க, இன்னும் முடியல. கடைசியில ஒரு வால் இருக்கு. சட்டத்தின் அதிகாரம் இருந்தால் தவிர."

"சட்டம்னா?"

"சட்டசபை போடுற சட்டம்."

"அந்த சட்டம் கீதா இப்போ?"

"உங்க கையில இருக்குற நோட்டீஸே அந்தச் சட்டத்தாலதான் வந்துருக்கு."

நோட்டீஸையும் புஸ்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்த பொஸ்தகத்துல எழுதினது யாரைத் தடுக்கும்?"

சட்டக் காலேஜில் மூன்று வருஷம் படித்தேன். இந்தக் கேள்வியை ஒரு புரொபஸரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினேன். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. என் மனைவி சொல்லாமல் யாரும் தொடக் கூடாது என்பது உத்தரவு. நான் தொடக் கூடாது, பிள்ளைகள் தொடக் கூடாது, வந்த விருந்தாளி தொடக் கூடாது. ஆனால் அவளே மொத்த ஜாடியையும் தூக்கித் தங்கைக்குக் கொடுத்துவிட்டால்? உத்தரவு மீறப்பட்டதா? இல்லையே! அவள் உத்தரவுப்படியே ஜாடி போய்விட்டது.

இவ்வளவுதான் விஷயம். இந்த மாதிரி உரிமை உங்களைத் தாசில்தாரிடமிருந்து காப்பாற்றும். போலீஸ்காரரிடமிருந்து காப்பாற்றும். கையில் சட்டம் இல்லாமல் அவர்கள் உங்கள் வரப்பில் கால் வைத்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆனால் சட்டம் போடுகிற சபையிடமிருந்து காப்பாற்றாது. 'சட்டம் இருந்தால் எடுக்கலாம்' என்று உரிமையே சொல்கிறது. சட்டம் போடுகிற பேனா சபையின் கையில் இருக்கிறது. சபை ஒரு சட்டம் போடும். அந்தச் சட்டம், விதி செய்துகொள்ளச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கும். அந்த விதி, உத்தரவு போட ஓர் அதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கும். அவர் கையெழுத்துப் போடுவார். மேலிருந்து கீழே வரை ஒருவரும் தப்பு செய்யவில்லை. நிலம் மட்டும் போய்விட்டது.

நிலத்துக்கு மட்டுமா? ஆளுக்கும் அதே கதைதான். எங்கள் தெருவில் ஒரு வாத்தியாரை அந்த வருஷம் போலீஸார் ஜெயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். விசாரணை கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. அதுவும் அதே சட்டம்தான், வேறு விதி.

இன்னொன்றும் சொன்னேன். கோயிலை மட்டும் எடுக்கக் கூடாது என்று நிலம் எடுக்கிற விதியிலேயே விலக்கு இருந்தது. அதைக் கேட்டுவிட்டு ஏழுமலை, "அப்ப சாமி சோத்துக்கு வயி கீது, எனக்குத்தான் இல்லியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதோடு அனுப்பியிருந்தால் நல்லது. மனுஷர் முகம் வாடிப் போய் எழுந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. என் வாயும் சும்மா இருக்காது — இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

"ஏழுமலை, கவலைப்படாதீங்க. இந்தச் சட்டத்துக்கு ஆயுசு உண்டு. யுத்தம் நடக்கிற வரைக்கும், அப்புறம் ஆறு மாசம். அவ்வளவுதான். சட்டத்திலேயே எழுதியிருக்கு. அது செத்த அன்னிக்கு நிலம் உங்க கைக்கு வந்துடும்."

"நெஜமா?"

"எழுதியிருக்கு!" என்றேன், பக்கத்தைத் திறந்து விரலால் காட்டி. இங்கிலீஷ் தெரியாத மனுஷர், விரல் வைத்த இடத்தையே வெகு நேரம் பார்த்தார்.

நிலம் போயிற்று. வருஷா வருஷம் ஏதோ வாடகை என்று கொடுத்தார்கள். ஏழுமலை ஊராருக்குக் கூலிக்கு உழுதார். அவருடைய வயலில் பட்டாளம் கட்டடம் ஏதும் கட்டவில்லை. ஒரு மூலையில் காலி எண்ணெய்ப் பீப்பாய்கள் கிடந்தன. மீதியெல்லாம் கோரை முளைத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்தது. போகும்போதும் வரும்போதும் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே போவாராம். "கெணறு தூராம கீது ஐயா" என்று வந்து சொல்வார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி.

ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலை ஏழுமலை வாசலில் நின்றார்.

"ஆறு மாசம்னா... மாசியில உய்துடலாமா?"

"அவசரப்படாதீங்க. துப்பாக்கி நிறுத்தினதெல்லாம் கணக்கில்ல. யுத்த நெருக்கடி முடிஞ்சதுன்னு சர்க்கார் கெஜட்டுல போடணும். அன்னிலேருந்துதான் ஆறு மாசம்."

கெஜட்டில் போட்டார்கள். எந்தத் தேதி தெரியுமா? ஏப்ரல் முதல் தேதி! முட்டாள்கள் தினம் என்று வெள்ளைக்காரனே கொண்டாடுகிற நாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

விரல் விட்டு எண்ணினேன். செப்டம்பர் கடைசித் தேதியோடு சட்டம் காலி. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, "புரட்டாசி பாதியில் நிலம் உங்களுது" என்றேன்.

ஏழுமலை அப்போது ஒரு காரியம் செய்தார். இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. என் கணக்கைத் தன் கணக்காக மாற்றிக்கொண்டார். சம்பா நாற்று முப்பது முப்பத்தைந்து நாளில் பிடுங்கி நடுகிற பதத்துக்கு வரும். புரட்டாசி பாதியில் வயல் கைக்கு வந்தால், உழுது, சேறு கலக்கிச் சேடை போட நாலைந்து நாள். அப்படியானால் ஆவணி பாதி தாண்டி விதை விட வேண்டும். ஆனால் விதை விட நிலம்? திருநின்றவூரில் அவருடைய மச்சானுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். அதில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, நாற்றங்கால் போட்டார்.

அதாவது, இந்தியப் பாதுகாப்புச் சட்டம் எந்தத் தேதியில் சாகும் என்று பார்த்து, அந்தத் தேதிக்கு நாற்று விட்டார்!

நான் இதைக் கோர்ட் வராந்தாவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "நம் கட்சிக்காரர் மழையைப் பார்த்து விதைக்கிறவர் இல்லை ஐயா, கெஜட்டைப் பார்த்து விதைக்கிறவர்!" எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, மழை வரலைன்னா வானத்தைத் திட்டலாம். இது வரலைன்னா அவர் யாரைத் திட்டுவாரு?" என்றாள்.

"சட்டத்துல தேதி போட்டிருக்கு. வராம எப்படிப் போகும்?" என்றேன்.

செப்டம்பர் கடைசி வாரத்துக் கெஜட் என் மேஜைமேல் வந்து கிடந்தது. சுற்றின காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. சாகப் போகிற சட்டத்துக்குக் கெஜட்டில் என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

அக்டோபர் முதல் தேதி, காலை எட்டு மணி. ஏழுமலை வந்து அழைத்ததால் நானும் போயிருந்தேன். கோர்ட்டுக்குப் போகிற கறுப்புக் கோட்டோடு வரப்பில் நின்றேன். நாலு ஏர், எட்டு மாடு, கொம்புக்கெல்லாம் மஞ்சள் தடவியிருந்தார்கள். ஏழுமலையின் சம்சாரம் தனகோட்டி தட்டில் வெற்றிலை, கற்பூரம், தேங்காய் வைத்திருந்தாள். ஏழுமலை கையில் ஒரு நாற்று முடி. மிச்சமெல்லாம் திருநின்றவூரில் நாற்றங்காலில் நிற்க, இது ஒன்றை மட்டும் பிடுங்கிக் கட்டிக்கொண்டு முதல் ரயிலில் வந்திருந்தார். உழுவதற்கு முன்னால் சனி மூலையில் அதை ஊன்றிச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஏரைப் பூட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. வேரில் இன்னும் சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

கம்பி வேலியில் கேட். கேட்டில் காவலாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு குமாஸ்தாவை அழைத்து வந்தான். குமாஸ்தா மரியாதைக்காரர். என் கோட்டைப் பார்த்து, "சார், நீங்க இதைப் பார்க்கலையா?" என்று சைக்ளோஸ்டைல் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

அவசரச் சட்டம். யுத்தகாலத்தில் எடுத்துக்கொண்ட நிலங்களின்மேல் உள்ள அதிகாரம் தொடரும். பழைய சட்டம் காலாவதியானாலும், நிலம் சர்க்காரிடமே இருக்கும். வேண்டுமானால் நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம். பழைய சட்டம் கண்ணை மூடுவதற்குள் புதுசு பிறந்து, ஒரு நிமிஷம்கூட இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். சட்டம் எழுதுகிற திறமையை நான் மெச்சத்தான் வேண்டும்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் ஓட்டை தேடி. இரண்டாவது தரம், தலையை நிமிர்த்தப் பயந்துகொண்டு.

"இன்னா ஐயா சொல்லுது?" என்றார் ஏழுமலை.

"அந்தச் சட்டம் நேத்தோட போயிடுச்சு ஏழுமலை. நான் சொன்னது சரிதான். ஆனா..."

"ஆனா?"

"புள்ளை பெத்து வச்சுட்டுப் போயிருக்கு."

தனகோட்டி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தட்டில் இருந்த கற்பூரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏழுமலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நாத்து நிக்குதே ஐயா. அதுங்கிட்ட நான் இன்னா சொல்றது?"

கலெக்டருக்கு மனு போட்டேன். தந்தி கொடுத்தேன். நிலம் சும்மாதான் கிடக்கிறது, இந்த ஒரு போகமாவது நட அனுமதியுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். மனு கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. சட்டத்துக்கு ஆயுசை நீட்டிக்கொள்ளத் தெரியும், நாற்றுக்குத் தெரியுமா? ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது நாற்று முற்றிக் கணு விட்டுவிட்டது. இனி நட்டாலும் தூர் கட்டாது. மச்சானுக்கு அந்த மூலை வேண்டியிருந்தது. ஒரு நாள் முழுக்க ஏழுமலையும் தனகோட்டியும் உட்கார்ந்து அறுத்து மாட்டுக்குப் போட்டார்களாம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. மச்சான் ஒரு வழக்கு விஷயமாக வந்தபோது சொன்னார்.

அதற்கப்புறம் ஏழுமலை என் ஆபீஸ் பக்கம் வரவில்லை. நானும் ஆவடிப் பக்கம் போகவில்லை. ரயிலில் அந்த இடத்தைத் தாண்டும்போது பேப்பரை விரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் நடந்தது.

இந்த வருஷம் அந்த அவசரச் சட்டம், டெல்லி சட்டசபையில் முறைப்படி மசோதாவாக வந்து, முறைப்படி நிறைவேறி, நிஜச் சட்டமாகிவிட்டது. முன்பெல்லாம் நான் என் மனசுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன் — அந்நியன் ஒருவன் எங்கோ உட்கார்ந்து போட்ட கையெழுத்து இது, அவன் போனால் இதுவும் போகும் என்று. இப்போது அந்தச் சபையில் நம்மவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் பட்டாளத்து டிப்போ என்ன ஆவது, சாமான் என்ன ஆவது, ராஜ்யத்தின் பாதுகாப்பு என்ன ஆவது? நியாயமான கேள்விகள்தான். அந்தச் சபைக்கு எதிரில் ஏழுமலையின் நாற்றை யார் கொண்டுபோய் வைப்பது?

சரி, வாசகசாலைக்கு வருவோம். கடைசி பெஞ்சில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்தேன். முக்கால் மணி நேரம் நான் வாசித்துக் காட்டியதெல்லாம் முன்பாதி. பின்பாதியை இப்போதுதான் கண் தேடியது. பேசலாம், எழுதலாம், கூடலாம் — பொது ஒழுங்குக்கு உட்பட்டு. சொத்து உண்டு — பொதுக் காரியத்துக்காகச் சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளலாம், நஷ்ட ஈடு கொடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் வால். சில வால் குட்டை, சில வால் நீளம். வால் இல்லாதது எது என்று தேடினேன். சொற்பம்.

"போட்டிருக்கு, ஏழுமலை" என்றேன்.

நடராஜனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"சார், அது வேற, இது வேற! இனிமே சட்டசபையில இருக்கப்போறவங்க நம்ம ஓட்டு வாங்கினவங்க. நம்ம ஆளுங்க. நம்ம ஆளு நமக்கு எதிரா சட்டம் போடுவானா?"

ஏழுமலை அவரைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்.

"தப்பா நெனைச்சிக்காத நைனா. என் நெலத்து வேலிக்குக் காவல் நிக்கறது யாரு தெரியுமா? எங்க ஊரு ஆளுதான். எங்க பெரியப்பன் பேரன். என்னைக் கண்டா எய்ந்து நின்னு கும்பிடுவான். கும்பிட்டுட்டு, 'பாஸ் கீதா சித்தப்பா'ம்பான்."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து எதையோ அவிழ்த்துக் காட்டினார். பித்தளை வில்லை, உள்ளே போகிற பாஸ். நடுவில் நம்பர் குத்தியிருந்தது.

"மாசியிலேருந்து உள்ளதான் கூலி வேலை செஞ்சிகினு கீறேன். புல்லு வெட்ற வேலை. எந்த எடத்துல புல்லு சாஸ்தி கீதுன்னு எனக்குத்தானே தெரியும்? மேஸ்திரி மெச்சிக்கிறாரு. காலைல எட்டு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் என் நெலத்துல நிக்க எனக்கு உரிமை கீது, நைனா. சட்டப்படி."

யாரும் சிரிக்கவில்லை இப்போது.

கூட்டத்தை எப்படி முடித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. நன்றி சொன்னார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

வால் இல்லாமல் உரிமை எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ரோடு போட வேண்டும், ரயில் விட வேண்டும், கொள்ளைநோய் வந்தால் நாலு பேரைத் தனியே வைக்க வேண்டும், சத்துரு வந்தால் பட்டாளம் நிற்க இடம் வேண்டும். சட்டசபைக்கு அந்த அதிகாரம் இல்லாவிட்டால் ராஜ்யம் நடக்காது. அதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது வேறு. வால் எத்தனை முழம்? எந்தத் தேதியில் அறுந்து விழும்? அறுந்து விழுவதற்கு முதல் நாள் யாராவது வந்து ஒட்டுப் போட்டால், ஏன் என்று கேட்க யாருக்கு அதிகாரம்? டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிற பெரியவர்கள் எல்லோரும் என்னைவிடப் பெரிய வக்கீல்கள். முன்பாதியை எழுதும்போது இருக்கிற உற்சாகம், பின்பாதியை எழுதும்போது கொஞ்சம் குறைந்து, கை தயங்கினால் தேவலை. படிக்கிற நமக்கும் ஒரு வார்த்தை — கைதட்டுவதற்கு முன்னால் வாக்கியத்தை முடிவு வரை படியுங்கள். நான் படிக்காமல் மேஜையைத் தட்டினவன்.

வெளியே வந்தேன். வாதாமரத்து நிழலில் ஏழுமலை எனக்காகக் காத்திருந்தார். பேசுவதற்குக் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது.

"உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல ஐயா" என்றார். "நீங்க படிச்சதைத்தான் சொன்னீங்க."

"நான் முழுசா படிக்கல ஏழுமலை" என்றேன்.

"அது கெடக்கட்டும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள பேசிக்கிறாங்க. வெள்ளைக்காரன் கெளம்பறான், டிப்போவைக் கொறைச்சிடுவான், ஓரத்துல கீற நெலமெல்லாம் உட்டுடுவான்னு. என்னிது ஓரந்தான். திருநின்றவூர் மச்சான் அந்த மூலையை எனக்குன்னு இன்னும் உட்டு வச்சிக்கினு கீறான். வெதை நெல்லு ஊட்ல கீது... ஆடி போனா ஆவணி. இந்த வருசம் நாத்து உடலாமா ஐயா?"

கண்ணில் அதே வெளிச்சம். ஐந்து வருஷத்துக்கு முந்தி, ஷரத்தின் முன்பாதியை மட்டும் கேட்டபோது வந்த வெளிச்சம். சட்டத்தை என்னிடம் அவர் எப்போது கேட்டாலும் நான் உடனே பதில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வெகு நேரம் ஆயிற்று. ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிந்தது.

"நாத்து விடாதீங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். வில்லையை இடுப்பில் முடிந்துகொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

ஐந்து வருஷத்தில் நான் ஏழுமலைக்குச் சொன்ன முதல் சரியான சட்ட யோசனை அது.